ஐம்பத்தொன்பதில் தொடங்கும் ஊர்

1979
ஜூலை 7 – 11 மார்க்
ஜூலை 8 – 12 மார்க் 50 பெனிக்
ஜூலை 9, 10, 11, 12 – 94 ஷில்லிங் வீதம்
ஜூலை 13 – 10 மார்க்
ஜூலை 14 – 11 மார்க்
ஜூலை 15 – 9 மார்க்
ஜூலை 16, 17 – 24 குரோனர் வீதம்
ஜூலை 18 – 20 குரோனர்
ஜூலை 19 முதல் 24 வரை – இல்லை

இது ஹார்மின் கையெழுத்து. ஆள் இரண்டு, கார் ஒன்று, கூடாரம் போட ஓர் இடம். அதற்கு ஒவ்வோர் இரவும் கொடுத்த வாடகை. ஊர்ப் பெயரை அவர் எழுதுவதில்லை. எந்த நாட்டுக் காசு என்று பார்த்தால் எங்கே இருந்தோம் என்று தெரிந்துவிடாதா என்பார். ஆனால் தெற்கே போனவர்கள் ஐந்தாம் நாள் காலை மூட்டை கட்டிக்கொண்டு நேர் வடக்கே ஏன் திரும்பினார்கள், கடைசி ஆறு இரவு யார் நிலத்தில் படுத்தார்கள் என்பதை அந்தக் காசு சொல்லாது. அதற்கு அவர் மனைவி ஃபென்னாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஃபென்னா 1925இல் ஹாலந்தின் வடகிழக்கு மூலையில், ஒரு கால்வாய்க் கரையில் பிறந்தவள். பதினேழு வயதில் வின்ஸ்கோட்டன் தபால் நிலையத்தில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்துப் போடும் வேலைக்குப் போனாள். நூற்று எண்பது பொந்துகள் உள்ள மரச் சுவருக்கு முன்னால் சாம்பல் நிற மேலங்கி போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். யாருக்கு யார் எழுதுகிறார்கள், யாருக்கு எழுதுவது நின்றுபோயிற்று என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். ஒருவரிடமும் ஒரு வார்த்தை பேசமாட்டாள். ஊரில் அவளை நல்லவள் என்றார்கள்; கலகலப்பானவள் என்று யாரும் சொன்னதில்லை.

ஹார்ம் அதே ஊர்ப் பள்ளிக்கூடத்தின் காவல்காரர். மணியடிப்பது, கொதிகலனைப் பார்ப்பது, உடைந்த நாற்காலிக்கு ஆணியடிப்பது அவர் வேலை. 1949இல் கல்யாணம். பிள்ளைகள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்கு வந்தவர்களுக்கு ஒரு கோப்பை காபி, ஆளுக்கு ஒரு பிஸ்கட், உடனே டப்பா மூடி. ஜன்னல் திரையை முழுக்க விலக்கி வைத்திருப்பார்கள். தெருவில் போகிறவர் யாரும் உள்ளே பார்த்து, இந்த வீட்டில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

வருஷத்தில் நாற்பத்தெட்டு வாரம் இப்படி. மிச்சத்தில்தான் அவள் வேறு ஒருத்தி.

ஜூலை முதல் சனிக்கிழமை அதிகாலை ஐந்து மணிக்கு வெளிர்நீல ஓப்பல் கார் கிளம்பும். பின்னால் பருத்திக் கூடாரம், இரண்டு மடக்கு நாற்காலி, பாத்திரம் கழுவ மஞ்சள் பிளாஸ்டிக் தொட்டி, இருபது கிலோ உருளைக்கிழங்கு. ஆஸ்திரியாவில் உருளைக்கிழங்கு கிடைக்காதா என்றால், கிடைக்கும், ஆனால் அது நம் மண்ணுடையது இல்லையே என்பார் ஹார்ம். மூன்றாம் நாள் மாலை, மலைகளுக்கு நடுவில் கரிந்தியா மாநிலத்து ஏரி ஒன்று கண்ணில் படும். ஃபென்னா செருப்பைக் கழற்றிக் காருக்குள் போடுவாள். திரும்பிப் போகும் நாள்வரை அதைத் தேடமாட்டாள். கூந்தலை அவிழ்த்துவிட்டுக்கொண்டு நடப்பாள். விடிந்ததும் பனிமூட்டம் கலையும் முன்னே தண்ணீருக்குள் இறங்கி நடு ஏரிவரை நீந்துவாள். திரும்பி வரும்போது பாடிக்கொண்டே வருவாள். மூட்டத்துக்குள் பாட்டு மட்டும் கேட்கும், ஆளைக் காணாது.

அவர்கள் இடம் 31. பக்கத்து 32இல் 1967 முதல் வருஷா வருஷம் வந்தவர்கள் டென்மார்க்கைச் சேர்ந்த ஆஸ்டாவும் எப்பெயும். ஜெர்மனும் டச்சும் டேனிஷும் கலந்து ஒரு ஏரிக்கரை பாஷை அவர்களுக்குள் தானாக முளைத்தது. சாயங்காலம் ஏழு மணிக்கு ஹார்மும் எப்பெயும் ஆளுக்கொரு தொட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு பொதுக் குழாயடிக்குப் போவார்கள். ஐந்து நிமிஷ வேலைக்கு ஒரு மணி நேரம் ஆகும். ஹார்ம் தன் ஊரின் உப்பு போட்ட கறுப்பு மிட்டாயை நீட்டுவார். எப்பெ வாயில் போட்டு முகத்தைச் சுளிப்பார்.

"இதைத் தின்னா மனுஷன் பிழைப்பானா?"

"எங்க ஊர்ல எண்பது வயசுக்கு முன்னாடி யாரும் சாகறதில்ல. சாகறதுக்கு நேரமில்ல, வேலை கிடக்கு."

"அப்ப இன்னொண்ணு குடு."

முகாமில் யாரும் யாருடைய குடும்பப் பெயரையும் கேட்பதில்லை, வேலையையும் கேட்பதில்லை. அரைக்கால் சட்டையில் நிற்பவர்களில் டாக்டர் யார், கொத்தனார் யார்? எப்பெயின் நகக்கண்ணில் இருந்த எண்ணெய்க் கறுப்பும், "எங்க கப்பல்ல மாடும் ஏறும், மணப்பொண்ணும் ஏறும், ஒரே கட்டணம்தான்" என்று ஒருமுறை அவர் சொன்னதும்தான் அவர்களுக்குத் தெரிந்த மொத்த விவரம். இப்படிப் பன்னிரண்டு கோடைகள்.

பன்னிரண்டாவது 1978. அந்த வருஷம் எப்பெக்கு அசதி. கடைசி வாரம் இரண்டு தொட்டிகளையும் ஹார்மே தூக்கிப்போனார். ஜூலை 29 காலை, கார்கள் கிளம்பத் தயாராக நின்றன. எப்பெ ஏற்கெனவே உள்ளே ஏறிக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். ஹார்ம் கூடார முளைகளை எண்ணிக்கொண்டிருந்தார். ஆஸ்டா வேலியோரம் வந்து ஃபென்னாவிடம் ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டினாள்.

"குளிர்காலத்துல ஒரு தடவை உங்க வீட்டுக்கு வரணும்னு எப்பெ சொல்றான். இந்தா, எங்க விலாசம். உன்னோடதையும் எழுதிக் குடு."

ஃபென்னாவுக்குக் கண்ணெதிரே தன் வீடு வந்து நின்றது. பிஸ்கட் டப்பா, சாம்பல் மேலங்கி, ஜன்னலோரத் தொட்டிச் செடிகள். அதற்கு நடுவில் ஆஸ்டா வந்து உட்கார்ந்தால் இந்த வெறுங்கால்காரி என்ன ஆவாள்?

"வேணாம் ஆஸ்டா," என்றாள். "ஏரிக்கரைல இருக்கறது ஏரிக்கரையிலயே இருக்கட்டும். வீட்டுல நான் வேற ஆளு."

அவர்கள் ஊர்ப் பேச்சே அப்படித்தான், சுற்றி வளைக்காது. ஆஸ்டா சிரித்தாள். "சரி, அடுத்த ஜூலைல பார்ப்போம்" என்று காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள். அவ்வளவுதான் நடந்தது.

ஹாலந்தில் அஞ்சல் குறியீட்டு எண் வந்தது அந்த வருஷம்தான். ஊர்ப் பெயரையே பார்த்துப் பழகிய கண்களை முதலில் எண்ணைப் பார்க்கும்படி மூன்று மாதம் பழக்கியிருந்தார்கள். அதனால் வாங்க மறுத்த அந்தத் துண்டிலும் ஃபென்னாவின் கண் எண்ணில் போய் விழுந்துவிட்டது. 59. அதற்குமேல் ஆஸ்டாவின் கட்டைவிரல் மறைத்திருந்தது.

அந்தக் குளிர்காலம் முழுக்க, பொந்துகளுக்கு முன்னால் நிற்கும்போது, அந்தச் சிரிப்பு அவளுக்கு நினைவுக்கு வந்தது. சிரிப்பதற்குமுன் ஒரு நொடி ஆஸ்டாவின் முகம் வேறு மாதிரி இருந்ததோ? முப்பத்தாறு வருஷமாக ஊரார் விலாசங்களைக் கையால் தொட்டவள், தன்னிடம் நீட்டப்பட்ட ஒரே விலாசத்தைத் தள்ளிவிட்டாள். ஹார்மிடம் அவள் இதைச் சொல்லவில்லை.

1979 ஜூலை 9 திங்கட்கிழமை நாலு மணிக்கு ஏரிக்கு வந்து சேர்ந்தார்கள். 32இல் ஆரஞ்சு நிறத்தில் ஒரு குமிழ்க் கூடாரம் இருந்தது. அதிலிருந்து மியூனிக் நகரத்து இளம் ஜோடி ஒன்று எட்டிப் பார்த்து வணக்கம் சொல்லிற்று.

முகாம் நடத்தும் ஓட்டிலியே அம்மாள் கையை விரித்தாள். "ஏப்ரல் வரைக்கும் முன்பணம் வரல. எத்தனை நாள்தான் இடத்தைச் சும்மா வெச்சிருக்கறது?"

"அவங்க விலாசம் பதிவேட்டுல இருக்குமே?"

"வந்து பாருங்க." அலுவலகச் சுவரில் இடுப்பளவு உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு ஓடியது. "மே மாசம் ஏரி உள்ள வந்துடுச்சு. பதிவேடு, சீட்டு எல்லாம் கூழ். எல்லார் பேரையும் படிச்சுட்டுப் போயிடுச்சு."

நாலு நாள் பார்த்தார்கள். தண்ணீர் அதே தண்ணீர். விடியலில் அதே வெண்மூட்டம். ஃபென்னா நடு ஏரிவரை நீந்திப் போய் மல்லாந்து கிடந்தாள். மேலும் கீழும் ஒரே வெள்ளையாக இருந்தது. எது ஆகாயம், எது நீர் என்று தெரியாமல் உடம்பு மட்டும் மிதந்தது. கரை எந்தப் பக்கம் என்பதே மறந்துபோயிற்று. எப்போதும் அந்த நேரத்தில்தான் ஆஸ்டா கரையில் காபி போட்டுவிட்டுக் கரண்டியால் கிண்ணத்தைத் தட்டுவாள். ஃபென்னா அந்தச் சத்தத்தை நோக்கி நீந்துவாள். இப்போது ஒரு சத்தமும் இல்லை. பாடிப் பார்த்தாள். இரண்டு வரிக்குமேல் வரவில்லை.

பதின்மூன்றாம் தேதி காலை ரொட்டியின்மேல் சாக்லேட் துருவலைத் தூவிக்கொண்டே சொன்னாள்: "ஹார்ம், கிளம்பலாம்."

"எங்க? வீட்டுக்கா?"

"டென்மார்க்குக்கு."

ஹார்ம் ரொட்டியைக் கீழே வைத்தார். "டென்மார்க் என்ன, நம்ம பள்ளிக்கூட மைதானமா? போய் நின்னு 'எப்பே'ன்னு கத்தினா ஓடி வந்துடுவானா?"

"59."

"என்ன 59?"

"அவங்க ஊர் 59ல ஆரம்பிக்கும்."

"உனக்கெப்படித் தெரியும்?"

"போற வழில சொல்றேன்."

வழியில், மலைச் சுரங்கப்பாதை ஒன்றைத் தாண்டியதும், சொன்னாள். அந்தக் காகிதம், அந்த வார்த்தை, அந்தச் சிரிப்பு எல்லாவற்றையும். "நான் சொன்னதாலதான் வராம இருந்துட்டாங்களான்னு எனக்குத் தெரியணும். ஆமான்னா, அதை அவ வாயால கேட்டுக்கறேன்."

ஹார்ம் ஒன்றும் பேசவில்லை. பேசியபோது, "நாப்பத்திரண்டு கிலோமீட்டர்" என்றார்.

"என்னது?"

"நான் பேசாம வந்த தூரம். கோவம் அதுக்குமேல ஓடல, புள்ளே. ஆனா நீ செஞ்சது சரியில்ல."

"அதான் தெரியுமே."

"தெரிஞ்சா சரி. வரைபடத்தை எடு."

வடக்கே போகப் போக நாள் நீண்டது. மூன்று நாள் அவர்கள் போனது ஜெர்மனியின் சின்னச் சாலைகளில். கோதுமை வயல்கள் மஞ்சளாகி, பிறகு பச்சையாகி, பிறகு இன்னும் விளையாத பச்சையாயின. காலத்தில் பின்னோக்கிப் போவதுபோல இருந்தது. ஒரு நாள் ஆற்றங்கரைப் புல்லில் கூடாரம். இரவெல்லாம் படகுகளின் இயந்திரம் தலையணைக்கு அடியில் துடித்தது. ஒரு நாள் ஆப்பிள் தோப்பில். காலையில் துணிக்கூரைமேல் பிஞ்சுகள் விழுந்து கிடந்தன. முன்னிருக்கையில் ஃபென்னா பாதித் தூக்கத்தில் இருப்பாள். எந்த ஊரும் அவளுக்குப் பெயராகத் தோன்றவில்லை, எண்களாகவே கடந்தன. மூன்றில் தொடங்கும் ஊர், இரண்டில் தொடங்கும் ஊர். எங்கேயோ ஒரு பொந்தில் தன்னையே யாரோ பிரித்துப் போடப்போகிறார்கள் என்று அரைக்கனவில் நினைத்தாள்.

பதினாறாம் தேதி எல்லையைக் கடந்ததும், வழியில் பட்ட முதல் தபால் நிலையத்தில் எண் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். 59இல் தொடங்குபவை தெற்கே இரண்டு தீவுகளில் உள்ள ஏழெட்டு ஊர்கள்தான். பாலம் போட்ட தீவில் இரண்டு நாள் தேடினார்கள். துறைமுகத்தில் வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு கிழவர் புகைக்குழாயைப் பல்லில் கடித்தபடி, "எப்பெயா? எங்க ஊர்ல மூணு எப்பெ. ஒருத்தனுக்கு வயசு நாலு" என்றார். மற்ற இருவரும் கப்பல்காரர்கள் இல்லை.

பதினெட்டாம் தேதி இரண்டாம் தீவுக்குக் கப்பல் ஏறினார்கள். ஓப்பலுக்குப் பக்கத்தில் ஒரு லாரி நிறைய மாடுகள். ஹார்ம் கீழ்த்தளமெல்லாம் சுற்றிவிட்டு வந்தார். "மாடு இருக்கு. மணப்பொண்ணு இல்ல" என்றார். மேல்தளத்தில் காற்றில்லை. கடல் எண்ணெய் பூசியதுபோல வழவழப்பாகக் கிடந்தது. எதிரே தீவு தண்ணீருக்கு ஒரு விரற்கடை மேலே மிதப்பதாகத் தெரிந்தது. கிட்டே போகப் போகத்தான் மெல்ல இறங்கி நீரில் உட்கார்ந்தது.

மறுநாள் ஒன்பது மணிக்கு அத்தீவின் தபால் நிலையம். கம்பிக்குப் பின்னால், கண்ணாடியைச் சங்கிலியில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்ட ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஃபென்னா தன் ஏரிக்கரை பாஷையில் விஷயத்தைச் சொன்னாள்.

"விலாசம் தரமுடியாதுங்க," என்றாள் அந்தப் பெண். "சட்டம்."

"தெரியும். நானும் தபால்ல தான் இருக்கேன். முப்பத்தேழு வருஷமா இதையேதான் எல்லார்கிட்டயும் சொல்றேன்."

"அப்புறம் என்கிட்ட ஏன் கேக்கறீங்க?"

"எங்கிட்ட கேட்டவங்களுக்கு எப்படி இருந்திருக்கும்னு இப்பத்தான் தெரியுது."

அந்தப் பெண் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இருவரையும் மேலும் கீழும் பார்த்தாள். ஹார்மின் அரைக்கால் சட்டையையும் காலுறைமேல் போட்ட செருப்பையும் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள்.

"கப்பல்ல இன்ஜின் பார்த்த எப்பெயா?"

"ஆமாம்."

"அவர் எங்க இருக்கார்னு சொல்லலாம். அங்க நாங்க கடிதம் கொண்டுபோறதில்ல. அதனால சட்டம் தடுக்காது." கையை மேட்டுப் பக்கம் நீட்டினாள். "சர்ச்சுக்குப் பின்னாடி. மேற்கு வரிசை. பிப்ரவரில போனார்."

ஹார்ம் தொப்பியைக் கழற்றினார். கழற்றியவர் அதை என்ன செய்வதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு மேடேறினார்.

அந்த ஊர்க் கல்லறைத் தோட்டம் அவர்கள் இருவருக்கும் ஏனோ பழகிய இடமாகத் தெரிந்தது. முழங்கால் உயரப் புதர்வேலி போட்டுச் சின்னச் சின்னச் சதுரங்களாகப் பிரித்திருந்தார்கள். ஒவ்வொரு சதுரத்துக்கும் ஓர் எண் பலகை. உள்ளே சீவிவிட்ட சரளைக்கல். நடுவில் பொதுக் குழாய். வரிசையாகத் தொங்கும் பூவாளிகள். "முகாம்தான்" என்றார் ஹார்ம் மெல்லிய குரலில். மேற்கு வரிசையில் ஒரு சதுரத்தில், முதுகைக் காட்டியபடி ஒரு பெண் குச்சிவாரியால் சரளையில் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள்.

காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பிய ஆஸ்டா நெடுநேரம் அவர்களையே பார்த்தாள். இளைத்திருந்தாள்.

"நீங்க ஏரிக்கரைக்காரங்களாச்சே," என்றாள். "இங்க எப்படி?"

"உன் கட்டைவிரல் ரெண்டு எண்ணை மறைக்கல" என்றாள் ஃபென்னா.

ஆஸ்டா குச்சிவாரியை வேலியில் சாய்த்தாள். சிரிக்கவில்லை. "வந்தது வந்துட்டீங்க. கூடாரம் இருக்கில்ல? என் வீட்டுத் தோட்டத்துல போட்டுக்கங்க. வீட்டுக்குள்ள வேணாம். வெளில பழகினது வெளிலயே இருக்கட்டும். உன் சட்டம்தானே?"

அப்படியே நடந்தது. திராட்சைபோலக் குலை குலையாகச் சிவப்புப் பழம் தொங்கும் புதர்களுக்கு நடுவில் பருத்திக் கூடாரம் எழுந்தது. சமையலறைக் கதவுக்கும் கூடார வாசலுக்கும் பதினோரு தப்படி. ஹார்ம் நடந்து பார்த்தார். காலையில் ஆஸ்டா வாசற்படியில் உட்கார்ந்து காபி குடித்தாள். ஃபென்னா கூடார வாசலில் உட்கார்ந்து குடித்தாள். வானிலை பற்றிப் பேசிக்கொண்டார்கள். புதர்களில் பழம் பறித்தார்கள், ஆளுக்கொரு பக்கம், இலைகளுக்கு நடுவே விரல்கள் மட்டும் தெரியும்படி. மாலை வெளிச்சம் பத்து மணிவரை போகாமல், பழச்சாற்றில் நனைந்த துணிபோலத் தோட்டத்தின்மேல் கிடந்தது. தூரத்தில் கப்பல் ஊதும்போதெல்லாம் ஆஸ்டாவின் தலை தானாகத் திரும்பும். இரண்டு முழு நாள் இப்படிப் போயிற்று. ஃபென்னா கேட்க வந்ததைக் கேட்கவில்லை. கதவோரம் போவாள், திரும்பிவிடுவாள்.

"கேளேன்," என்றார் ஹார்ம். "ஆயிரத்து நானூறு கிலோமீட்டர் வந்தது பழம் பறிக்கவா?"

"நீ சும்மா இரு."

இருபத்தொன்றாம் தேதி சாயங்காலம் ஏழு மணிக்கு ஹார்ம் பழக்கத்தில் மஞ்சள் தொட்டியைத் தோட்டக் குழாயடிக்குக் கொண்டுபோனார். ஆஸ்டா ஒரு துணியோடு வந்து பக்கத்தில் நின்று, அவர் கழுவிக் கொடுத்த தட்டைத் துடைத்தாள். நாலாவது தட்டில், தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"ஜனவரில டாக்டர் இனிமே ஒண்ணுமில்லேன்னுட்டார். எப்பெ என்கிட்ட, ஹார்முக்கு எழுதிப் போடு, ஒருதரம் வந்துட்டுப் போகட்டும்னான். விலாசம் இல்லேன்னு சொல்ல மனசு வரல. எழுதிட்டேன்னு சொன்னேன்."

ஃபென்னா கூடாரக் கயிற்றைப் பிடித்தபடி நின்றுவிட்டாள்.

"தினமும் தபால்காரர் போற நேரத்துக்கு ஜன்னல் பக்கம் நாற்காலியைத் திருப்பச் சொல்வான். பதில் வந்துதான்னு கேப்பான். ஹாலந்துல பனி ஜாஸ்தி, தாமதமாகும்னு சொல்வேன். பதினெட்டு நாள் சொன்னேன்."

குழாய் திறந்தே கிடந்தது. தொட்டி நிரம்பி வழிந்தது. ஹார்ம்தான் கேட்டார்: "என்னைத் திட்டினானா?"

"திட்டாம? 'அந்த உருளைக்கிழங்குக்காரனுக்கு எழுதச் சோம்பல்'னான். கடைசிக்கு முந்தின நாள்கூட."

ஹார்முக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் வேறாக மாறியது. அவர் குனிந்து தண்ணீருக்குள் கையைவிட்டு, இல்லாத ஒரு கரண்டியைத் தேடினார்.

"நான் அன்னைக்கு அந்தக் காகிதத்தை வாங்கியிருந்தா..." என்றாள் ஃபென்னா.

"வாங்கியிருந்தா ஹார்ம் வந்திருப்பான்." ஆஸ்டா முதன்முறையாக அவளை நேரே பார்த்தாள். "எப்பெ போகாம இருந்திருக்கமாட்டான். ஆனா இவன் வந்திருப்பான். அதைத்தானே கேக்க வந்த? கேட்டாச்சு." துணியை உதறிக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் ஞாயிறு. விடிந்ததும் ஹார்ம் தனியாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் வந்தார். பிற்பகலில் மேற்கே வானம் கறுத்தது. மூன்று மணிக்கு மழை பிடித்தது. தீவு மழைக்குக் காற்றும் கூட்டாளி. கூடாரத்தின் ஒரு பக்கம் உள்நோக்கி வளைந்து முனகியது. பருத்தித் துணியை உள்ளிருந்து தொட்டால் தொட்ட இடத்தில் ஒழுகும். அதனால் இருவரும் நடுவில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்கள். ஃபென்னாவின் நெற்றியில் சொட்டியது.

"காருக்குள்ள போயிடலாமா?" என்றார் ஹார்ம்.

"வேணாம்."

"ஏன்?"

"அவ ஜன்னல்ல நிக்கறா. பார்த்துக்கிட்டே இருக்கா. இப்ப நான் காருக்குள்ள போனா, ஓடிட்டேன்னு அர்த்தம்."

"நிமோனியா வந்தா என்ன அர்த்தம்?"

முளை ஒன்று பிடுங்கிக்கொண்டது. துணி சடசடவென்று அடித்தது. ஃபென்னா வெறுங்காலோடு வெளியே பாய்ந்து, சேற்றில் மண்டியிட்டு, கயிற்றை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டு இருந்தாள். மழை அவள் கூந்தலைப் பிரித்து முகத்தில் ஒட்டியது. அந்தப் பதினோரு தப்படிக்கு அப்பால் கதவு திறந்தது.

"போதும்!" ஆஸ்டா கத்தினாள். "அறிவுகெட்டவளே, கயிறை விடு! உள்ள வாங்க ரெண்டு பேரும்!"

"கால் சேறு!" என்று திருப்பிக் கத்தினாள் ஃபென்னா.

"என் தரை, நான் தொடைச்சுக்கறேன்! வா!"

வீட்டுக்குள் ஏதோ இருட்டாக, காபியும் எண்ணெயும் கலந்த மணமாக இருந்தது. ஜன்னலோரம் கடலைப் பார்த்து ஒரு நாற்காலி. ஆஸ்டா ஹார்மை அதில் உட்காரவைத்தாள். அவர் தயங்க, தோளைப் பிடித்து அழுத்தினாள். எப்பெயின் கம்பளிச் சட்டை ஒன்று அவருக்கு வந்தது, கைகள் நீளம். பிஸ்கட் டப்பா மேசைமேல் திறந்தே இருந்தது. ஹார்ம் ஒன்று எடுத்துக்கொண்டு, மூடி எங்கே என்று தேடினார். அது அந்த வீட்டில் தொலைந்துபோய் ஏழு வருஷம் ஆயிற்றாம்.

"எப்படி இருக்கு பிஸ்கட்?" என்று கேட்டாள் ஆஸ்டா.

"இதைவிட மோசமா இருந்திருக்கலாம்" என்றார் ஹார்ம். அவர் ஊரில் அதற்குமேல் பாராட்டு கிடையாது. ஆஸ்டாவுக்கு அது தெரியும். மழை ஜன்னலில் வழிந்துகொண்டே இருந்தது. கடலும் தோட்டமும் சரிந்துவிட்ட கூடாரமும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கரைந்து ஒன்றாயின. மூன்று பேரும் நீருக்கு அடியில் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது.

இருபத்தைந்தாம் தேதி கிளம்பும்போது ஆஸ்டா காரின் கூரையைத் தட்டி நிறுத்தி, ஒரு நோட்டையும் பென்சிலையும் ஜன்னல் வழியே நீட்டினாள். "முதல்ல நீ எழுது."

ஃபென்னா எழுதினாள். பெயர், தெரு, கதவு எண், அஞ்சல் குறியீட்டு எண், ஊர். எழுதியதை ஒருமுறை சரிபார்த்துவிட்டுக் கொடுத்தாள்.

ஆஸ்டாவின் முதல் கடிதம் 1979 ஆகஸ்ட் 6 அன்று வந்தது. தன் பெயர் எழுதிய உறை ஒன்று தன் கையிலேயே வந்து விழுந்தபோது, ஃபென்னா அதைப் பழக்கதோஷத்தில் பொந்தில் போட்டுவிட்டுப் பிறகு எடுத்தாள். 1980 பிப்ரவரியில் ஆஸ்டா ரயிலேறி வின்ஸ்கோட்டனுக்கு வந்தாள். தபால் நிலையக் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று சாம்பல் மேலங்கியைப் பார்த்தாள். "யாரோ வேற ஆள்னு சொன்னியே? அவளேதான். செருப்பு போட்டிருக்கா, அவ்வளவுதான்" என்றாள். அந்த ஜூலையில் மூவரும் ஒரே காரில் ஏரிக்குப் போனார்கள். 32இல் ஆஸ்டாவின் கூடாரத்தை ஹார்ம் அடித்துக் கொடுத்தார். ஃபென்னா 1985இல் வேலையிலிருந்து ஓய்வு பெற்றாள். ஹார்ம் 1988 அக்டோபரில் காலமானார். எண்பதுக்குப் பன்னிரண்டு வருஷம் குறைவு. அதற்குப்பின் இரண்டு பெண்களும் கூடாரம் போடவில்லை, ஆனால் வருஷத்தில் இரண்டு முறை, ஒருமுறை அங்கே, ஒருமுறை இங்கே சந்தித்துக்கொண்டார்கள்.

ஆஸ்டாவிடமிருந்து வந்தவை மொத்தம் நூற்று அறுபத்து மூன்று கடிதங்கள். வந்த நாளிலேயே ஃபென்னா பதில் எழுதிவிடுவாள். மாலை ஐந்து மணித் தபாலைத் தவறவிட்டதில்லை. நூற்று அறுபத்து மூன்றாவது கடிதம் 1993 நவம்பர் 11, வியாழக்கிழமை வந்தது. அன்று மாலை ஐந்து மணித் தபாலில் ஃபென்னா போட்ட பதிலுக்கு மறுகடிதம் வரவில்லை.